வயிறு தள்ளிய சுவர்

2024 ஜூன். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழைக்கு இங்கே அதுதான் பெயர்) ஒரு வாரம் அடித்து ஓய்ந்த காலை. மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுச் சேச்சி தன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "டீச்சரே, மதிலு வயறு வெச்சிரிக்குந்நு, கண்டோ?" என்றார்.

நான் காணவில்லை. எப்படிக் காண்பேன்? அந்தச் சுவரின் முகம் அவர் வீட்டைப் பார்த்து இருக்கிறது. எனக்குத் தெரிவது அதன் உச்சந்தலை மட்டும்தான்.

கேரள எல்லையில் குமுளியில் இருந்து அணக்கரைப் பக்கம் போகும் வழியில், ஒரு சரிவில் எங்கள் வீடு. இந்தப் பக்கத்தில் சமதளம் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. மேற்புறம் வெட்டி, கீழ்ப்புறம் கொட்டி, கொட்டிய மண் ஓடிவிடாமல் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அப்புறம்தான் வீட்டுக்கு அடித்தள வானம் தோண்ட வேண்டும். 2009-ல் என் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார். 46 அடி நீளம், நடுவில் எட்டரை அடி உயரம், எட்டு அங்குலக் கனம். கம்பி கட்டி வார்த்த கான்க்ரீட் சுவர். "கருங்கல் கட்டெல்லாம் பழைய காலம், இது நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் 2014-ல் போய்விட்டார். அவர் போய்ப் பத்து வருடம்கூடச் சுவர் ஒழுங்காக நிற்கவில்லை.

அன்று கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சேச்சி சொன்னது சரிதான். பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், இரண்டு ஓரமும் நேராக இருக்க, நடுப்பகுதி வில் மாதிரி வெளியே வளைந்து வந்திருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், மேலே அகலமாகவும் கீழே போகப்போக மயிரிழையாகவும். அந்த விரிசலை எனக்கு முன்பே தெரியும். 2018 ஆகஸ்டில், செறுதோணி அணையின் ஐந்து ஷட்டரையும் திறந்த அந்த மழைக்கு அப்புறம் அது மயிரிழையாக வந்தது. நான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன். அறிவியல் டீச்சர் செய்த வேலை இது!

மேலே வந்து முற்றத்தைப் பார்த்தேன். சிமென்ட் தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி; என் ஆள்காட்டி விரல் முழுசாக உள்ளே போனது. இத்தனை நாளும் அதில் துடைப்பத்தால் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதம் ஓடியது. ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போன செய்தி வந்தது. இடுக்கி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அது டிவி செய்தி மட்டும் ஆகாது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் மலை இறங்கியபோது போனது 70 பேர், பெரும்பாலும் நம் தமிழ் ஜனம். அதற்கப்புறம் ராத்திரி மழைச் சத்தம் மாறினால் இங்கே எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். வயநாட்டுச் செய்தி வந்த மறுநாள் சேச்சி மேலே ஏறி வந்து என் திண்ணையில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. "டீச்சரே, எனிக்கு உறக்கமில்லா" என்று மட்டும் சொன்னார். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கும் என் சுவருக்கும் நடுவில் பதினோரு அடிதான்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது கட்டப்பனையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவனுக்குப் போன் செய்தேன். நான் கதையை முழுசாகச் சொல்லி முடிக்குமுன் அவன் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், சுவத்துல தண்ணி வர்ற ஓட்டை இருக்குமே, அதுல தண்ணி வருதா?"

இங்கேதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. வரவில்லை. ஏனென்றால் அந்த ஓட்டைகளை 2016-ல் நானே அடைத்துவிட்டேன்.

கட்டும்போது அடியில் இரண்டு அங்குலக் குழாய் எட்டு வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அவற்றின் வழியாகச் செஞ்சேறாகத் தண்ணீர் கசிந்து சேச்சியின் வெள்ளை அடித்த முற்றத்துச் சுவர்வரை கறையாக்கும். அவர் இரண்டு மூன்று முறை சொன்னார். போதாததற்கு ஒரு குழாயில் சாரைப் பாம்பு குடியேறிவிட்டது. அக்கம்பக்கம் மனஸ்தாபம் வேண்டாமே என்று ஒரு சித்தாளை வைத்து எட்டையும் சிமென்ட் உருண்டை திணித்து அடைத்தேன். முற்றம் சுத்தமாயிற்று. சேச்சி பலாப்பழம் கொடுத்து அனுப்பினார். எல்லோருக்கும் திருப்தி.

போனில் இதைக் கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாணவன் என்பதால் திட்டவும் முடியவில்லை போல. "இன்னைக்கே கீழ் வரிசையைத் திறந்து விடுங்க டீச்சர். ஓரத்துல இருந்து ஆரம்பிங்க, நடுவுல நிக்க வேண்டாம். சேச்சி வீட்ல இந்த மழை முடியுற வரைக்கும் அந்த ரூம்ல படுக்க வேண்டாம்" என்றான்.

கம்பத்தில் இருந்து எனக்குத் தெரிந்த மேஸ்திரியண்ணன் மலை ஏறி வந்தார். துளைபோடும் மெஷினை ஓரத்துக் குழாயில் வைத்தார். சிமென்ட் உடைந்த கணம் பழுப்புத் தண்ணீர் விரல் கனத்துக்கு வில்லாகப் பீறிட்டு அவர் லுங்கியை நனைத்தது. மூன்றாவது குழாய் திறந்தபோது சேச்சியின் முற்றத்தில் கணுக்கால் நனையுமளவு ஓடியது. இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. சேச்சி வாளியும் துடைப்பமுமாக நின்றார். எட்டு வருடத்துக்கு முன் அடைக்கச் சொன்னது யார், அடைத்தது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதை வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் நேரில் வந்தான். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, நடுவில் அளந்தான். அவன் 85 மில்லிமீட்டர் என்றான். மேஸ்திரியண்ணன் தன் டேப்பை வைத்துப் பார்த்து, "மூணு அங்குலம் மூணு நூல்" என்றார். அங்குலத்துக்கு எட்டு நூல்; இரண்டும் ஒன்றுதான். விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை அரால்டைட் வைத்து ஒட்டினான். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பணம் செலவில்லாத மீட்டர். நான் ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் தேதி போட்டு, வாரம் ஒருமுறை தூக்குக்குண்டு அளவைக் குறிக்க ஆரம்பித்தேன். ஆகஸ்ட், செப்டம்பர், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர். 85, 85, 86, 86, 86. கண்ணாடி உடையவில்லை. ஓட்டையைத் திறந்ததற்கே சுவர் நின்றுவிட்டது என்பதை அந்த நோட்டு சொன்னது. ஆனாலும் வளைந்த சுவர் வளைந்த சுவர்தான்.

திண்ணையில் உட்கார்ந்து அவன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். எனக்கே! எட்டரை அடி என்றால் 2.6 மீட்டர். ஓரளவு காய்ந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் இரண்டு டன் விசையில் தள்ளும். தண்ணீர் வடியாமல் உள்ளே மேல்வரை நிரம்பிவிட்டால், மண் தண்ணீரில் மிதப்பதால் அதன் பங்கு கொஞ்சம் குறையும். ஆனால் தண்ணீரின் தள்ளு தனியாகச் சேரும். ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன், இரண்டில் இரண்டு டன். கூட்டினால் மீட்டருக்கு நாலரை டன் வருகிறது. மண்ணைத் தாங்கக் கட்டிய சுவரை நான் தண்ணீர்த் தொட்டிக்குச் சுவராக்கியிருக்கிறேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஊரைத் தேட வேண்டியதில்லை. என் மொட்டைமாடி 1200 சதுர அடி. ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் (இங்கே கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், அது அதிசயமில்லை) மாடியில் விழுவது 11,000 லிட்டர். அத்தனையும் இரண்டு குழாய் வழியாக இறங்கி, சுவரை ஒட்டிய முற்றத்து மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. விரல் நுழையும் அந்த இடைவெளி வழியாக நேராக உள்ளே.

"மேல பாரம் ஏதாவது வெச்சீங்களா?" என்று கேட்டான். 2021-ல் மாடியில் ஒரு அறை எடுத்தபோது எம்-சாண்ட் ஒரு யூனிட் சுவரோரம்தான் கொட்டினோம், லாரிக்கு வேறு இடம் இல்லை. ஒரு யூனிட் நூறு கன அடி. நாலரை, ஐந்து டன் இருக்கும். அவன் சாக்பீஸ் கேட்டு வாங்கி முற்றத்துச் சிமென்ட் தரையில் சுவருக்கு இணையாக ஐந்தடி தள்ளி ஒரு கோடு போட்டான். சுவர் போனால் இந்தக் கோட்டில் இருந்து அடித்தளம்வரை சாய்வாக ஓர் ஆப்பு மண்தான் கூடவே போகும். அந்த ஆப்பின் மேல் வைக்கும் எதுவும் சுவரைத் தள்ளும் என்றான். இந்த ஆப்புக் கணக்கைப் போட்டவர் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கூலும். மின்னூட்டத்தின் அலகாக நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய அதே பெயர். அவர் முதலில் ராணுவப் பொறியாளர். 1764-ல் இருந்து 1772 வரை மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர். ஊருக்குத் திரும்பி 1773-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில், சுவரை மண் எப்படித் தள்ளுகிறது என்ற கணக்கைப் படித்துக் காட்டினார். மின்சாரமெல்லாம் அதற்கப்புறம்தான். முப்பது வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது தெரியாது.

என்ன செய்யலாம் என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேஸ்திரியண்ணன் முன்பக்கம் முட்டுச் சுவர் வைக்கலாம் என்றார். அது சேச்சியின் பூமியில் இரண்டடி தின்னும். கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. கோயம்புத்தூரில் இருந்து என் மகன் போனில், "கேபிள் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லும்மா" என்றான். குமுளியில் கேபிள் போட்டு இழுப்பது என்றால் யாருக்கும் ஒரே இடம்தான் ஞாபகம் வரும். 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கொண்டு கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில், 1980-களின் தொடக்கத்தில் மேலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு இரும்புக் கேபிள் இறக்கி இழுத்துப் பிடித்தார்கள். (அதைப் பற்றி மேற்கொண்டு பேசினால் சேச்சியும் நானும் இரண்டு மாநிலமாகிவிடுவோம் என்பதால் விட்டுவிடுகிறேன்.) என் முற்றத்தில் அதற்கு இடம் போதாது. இழுத்துப் பிடிக்கும் கான்க்ரீட் கட்டையை அந்தச் சாக்பீஸ் கோட்டையும் தாண்டி, நன்றாக உள்ளே தள்ளிப் புதைக்க வேண்டும். அங்கே போர்டிகோ தூண் நிற்கிறது.

ஜாக்கி வைத்து நிமிர்த்திவிட முடியாதா என்று நான் கேட்டேன். "வளைஞ்சது திரும்ப நிமிரும் டீச்சர், ஆனா உள்ள உடைஞ்சது ஒட்டாது. நிமிர்த்துறப்ப இன்னொரு பக்கமும் உடையும்" என்றான். முழுசாக இடித்துக் கட்ட ஆறரை லட்சம் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். கடைசியில் முடிவானது இது: பின்பக்க மண்ணை எடுத்துவிட்டு, மோசமான நடுப்பகுதி பதின்மூன்று அடியை மட்டும் இடித்துப் புதிதாக வார்ப்பது, மிச்சச் சுவருக்கு மண்ணுக்குள்ளேயே, பின்பக்கமாக, முக்கோண வடிவில் முட்டுச் சுவர்கள் கொடுப்பது. விழப்போகும் பிள்ளையை முன்னால் நின்று நெஞ்சில் கைவைத்தும் தாங்கலாம், பின்னால் நின்று சட்டைக் காலரைப் பிடித்தும் இழுக்கலாம். இது காலர் வேலை.

ஜனவரி வரை காத்திருந்தோம். மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் தோண்டுகிறவனைப் போலப் பைத்தியக்காரன் இல்லை என்பது மேஸ்திரியண்ணன் வாக்கு. முதலில் சேச்சியின் முற்றத்தில் இருந்து சுவருக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தார்கள், இரும்பு ஜாக்கியும் சவுக்குக் கட்டையுமாக. அதற்காக அவருடைய கறிவேப்பிலை மரம் ஒன்று போனது. "அது போட்டே" என்றார், போகட்டும் என்று. அந்த மரத்தின் இலையை நானும் பத்து வருடமாகப் பறித்துக்கொண்டிருந்தவள்தான்.

ஜேசிபி வேண்டாம் என்று பையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஏற்கனவே வயிறு தள்ளிய சுவரின் தலைமாட்டில் அத்தனை டன் இயந்திரத்தை ஏற்றக் கூடாது. ஆள் வைத்துத்தான் தோண்டினோம். கம்பத்து ஆட்கள் நாலு பேர், வங்காளத்துப் பையன்கள் இரண்டு பேர். முதல் மூன்று நாள் சுவரை ஒட்டிச் செங்குத்தாக வெட்டினார்கள், மண் குறைவாக எடுத்தால் போதுமே என்று. நாலாம் நாள் காலை பத்தரை மணிக்கு டீக்கு ஏறி வந்தார்கள். கிளாஸை வாயில் வைத்திருக்கிறோம், பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் வீட்டுப்பக்க மண் ஒரு கட்டில் அளவுக்குச் சரிந்து மண்வெட்டியை மூடியிருந்தது. அரை நிமிடம் முன்புவரை அங்கே நின்றவன் பத்தொன்பது வயதுப் பையன். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரியண்ணன் ஒன்றும் பேசாமல் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "இனிமே படி வெட்டித்தான் இறங்கணும், யாரு என்ன சொன்னாலும்" என்றார். படிப்படியாக அகலமாக வெட்டியதில் எடுத்த மண் இருபது யூனிட்டைத் தாண்டியது. வீட்டுக்கு மறுபக்கம் ஒரு குன்றே எழுந்தது.

தோண்டத் தோண்டத்தான் சங்கதி தெரிந்தது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும் என்று பையன் சொன்ன இடத்தில் ஒரு கூடை ஜல்லிகூட இல்லை. மேற்புறம் வெட்டிய களிமண், உடைந்த செங்கல், சிமென்ட் சாக்கு, ஒரு ஹவாய் செருப்பு. நாலடி ஆழத்தில் துருப்பிடித்த ஒரு ஸ்டீல் டேப் வந்தது. 2009-ல் என் வீட்டுக்காரர் அதைக் காணோம் என்று ஒரு சித்தாளைச் சந்தேகப்பட்டு, அந்தப் பெண் மறுநாளில் இருந்து வேலைக்கே வரவில்லை. டேப்பைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் லோயர் கேம்ப் பக்கம் என்று மட்டும் ஞாபகம்.

நடுப்பகுதியை இடித்தபோது இன்னொன்று. இந்த மாதிரி ஒற்றையாக நிற்கிற சுவரில் இழுவிசை வருவது மண் பக்கம். கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். எங்கள் சுவரில் கம்பி அத்தனையும் சேச்சி பக்கம், முன்முகத்தில் இருந்து இரண்டரை அங்குலத்தில் இருந்தது. மண் பக்கம் ஐந்தங்குலம் வெறும் கான்க்ரீட். அங்கே அடியில் நீளவாட்டில் ஒரு பிளவு ஓடியிருந்தது. முன்னால் இருந்து பார்த்தால் கடைசிவரை தெரிந்திருக்காது. மேஸ்திரியண்ணன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "முதுகு வலிக்கு வயித்துல தைலம் தேச்சிருக்கான்" என்றார். கட்டிய காண்ட்ராக்டர் இப்போது இந்தப் பக்கமே இல்லை. இருந்தாலும் பதினைந்து வருடம் கழித்து யாரிடம் போய் என்ன கேட்பது? என் ஓட்டை அடைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே.

வார்ப்பு வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது. பழைய அடித்தளத்தில் துளையிட்டு, ஊதித் தூசி எடுத்து, கெமிக்கல் ஊற்றிப் புதுக்கம்பிகளை நட்டார்கள். ஊதித் தூசி எடுப்பதில்தான் பையன் உயிரை வாங்கினான். தூசி இருந்தால் கெமிக்கல் தூசியைப் பிடிக்கும், கான்க்ரீட்டைப் பிடிக்காது என்று ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டுப் பார்த்தான். மண் பக்கம் கம்பி வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி நிற்க ஐம்பது மில்லி கவர் பிளாக். எம் 25 கலவை, வைப்ரேட்டர், இரண்டு வாரம் சாக்கு போட்டுத் தண்ணீர். சாக்கை நனைக்கிற வேலை என்னுடையது; காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து.

எனக்கும் மேஸ்திரியண்ணனுக்கும் ஒரே சண்டை ஜல்லியில்தான் வந்தது. நான் இங்கே உள்ள கிரஷரில் "மெட்டல்" என்று ஆர்டர் சொன்னேன், இங்கே ஜல்லிக்கு அதுதான் பெயர். அவர் கம்பத்தில் "ஒன்றரை ஜல்லி" என்று ஆர்டர் சொன்னார். இரண்டு லாரியும் ஒரே நாளில் வந்து நின்றன. நாற்பது மில்லி கல் தேவைக்கு இரண்டு மடங்கு. பையன் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, கஞ்சத்தனம் இல்லாம போடலாம்" என்றான்.

இந்தத் தடவை சுவருக்குப் பின்னால் போனது இதுதான். மூன்றங்குலக் குழாய்கள் இரண்டு வரிசை, ஐந்தடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் லேசாகச் சரித்து. உள்வாயில் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோ துணி, அதைச் சுற்றி ஒன்றரை ஜல்லி. அதற்குமேல் சுவர் நெடுக ஓரடிக் கனத்துக்கு முக்கால் ஜல்லித் திரை, மண்ணும் ஜல்லியும் கலந்துவிடாமல் நடுவில் அதே துணி. பழைய களிமண்ணில் பாதியை ஒதுக்கிவிட்டுக் கிராவல் போட்டோம், ஒன்பது அங்குலத்துக்கு ஒரு அடுக்காக, திமிசுக் கட்டையால் கையால் இடித்து. சுவருக்குப் பக்கத்தில் மெஷினால் இடித்தால் அதுவே சுவரைத் தள்ளிவிடுமாம். கடைசி ஓரடிக்கு மட்டும் பழைய களிமண், மேல்தண்ணீர் இறங்காமல் இருக்க. கடைசி வார்ப்பு மார்ச் 5, நிரப்பியது ஏப்ரலில். இருபத்தெட்டு நாள் ஆகாமல் ஒரு கூடை மண் விழக் கூடாது என்று உத்தரவு.

மாடித் தண்ணீரை இப்போது நாலங்குலக் குழாயில் வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் ரோட்டோர வடிகாலில் விட்டாயிற்று. சேச்சியின் முற்றத்தில் சுவரடியில் அரைவட்டக் கால்வாய் ஒன்று. அதை நானே கட்டிக்கொடுத்தேன். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆயிற்று. மகன் பாதி கொடுத்தான். மாடி அறைக்கு டைல்ஸ் போடும் திட்டம் தள்ளிப்போனது.

2025-ல் பருவமழை அவசரப்பட்டு மே 24-ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. நிரப்பி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்குக் குடையும் டார்ச்சுமாகப் படியில் இறங்கினேன். சேச்சி ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், தலையில் துண்டோடு. ஒரு குழாய் விடாமல் எல்லாவற்றிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, நல்ல செந்நிறத்தில்.

"டீச்சரே, செளி வருந்நுண்டல்லோ" என்றார், சேறு வருகிறதே என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சேச்சி, கொஞ்ச நாள்ல தெளிஞ்சிரும்" என்றேன் அவசரமாக.

"வரட்டே, வரட்டே. இனி அடைக்கண்டா" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்தப் படுக்கையறை விளக்குத்தான் எரிந்தது.

மூன்று வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. கால்வாய் முடியும் இடத்தில் அவர் சேம்பு வைத்திருக்கிறார், இலை முறம் அளவுக்கு வந்துவிட்டது. பழைய பகுதியின் வளைவு அப்படியே இருக்கிறது; புதுப்பகுதிக்கும் அதற்கும் சேரும் இடத்தில் ஒரு சின்ன நெளிவு தெரியும், பெயிண்ட் அடித்தும் மறையவில்லை. நெளிவின் இரண்டு பக்கமும் புதுக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் எண்கள் மாறவில்லை.

இன்று காலை பார்த்தபோது கீழ் வரிசையில் ஆறாவது குழாய் மட்டும் ஒழுகவில்லை. பக்கத்துக் குழாய் இரண்டும் ஓடுகிறது. இலை சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் மறுபடியும் சாரைப் பாம்பு. நாளைக்கு மழை விட்டதும் நீளக் கம்பி ஒன்றோடு இறங்க வேண்டும்.